கைல 38 ஆயிரம், பாக்கி அஞ்சு இடத்துல. முதல்ல எதைக் கட்டறது?

வெள்ளிக்கம்பி_சிவதாபுரம்
27 மே 2021, இரவு 10.52

வணக்கம்ங்க. நம்ம சேலம் ஆளுங்க நெறைய பேர் இங்க இருக்கறதால தயக்கத்த விட்டு எழுதறேன். நான் கொலுசு பட்டறைல வேலை, 16 வருஷமா இதே தொழில், வீட்டுக்காரம்மாவும் வீட்ல உக்காந்து கொலுசு கண்ணிய பத்த வெச்சு ஒட்டற வேலை பாப்பாங்க, நல்ல மாசத்துல ரெண்டு பேருக்கும் சேர்த்து 20, 22 ஆயிரம் வரும். போன வருஷம் மார்ச்ல கிலோ 40 ஆயிரம் வாக்குல இருந்த வெள்ளி ஆகஸ்ட்ல 70 ஆயிரத்த தாண்டிருச்சு, வடக்க இருந்து ஆர்டர் குடுக்கறவங்க எடைய குறைச்சுட்டாங்க, பட்டறை திறந்தப்புறமும் கூலி பழைய நிலைக்கு வரவே இல்ல. இப்ப மே 10ல இருந்து மறுபடி பூட்டு. இந்த 24ல இருந்து மளிகைக்கடையும் இல்ல, தள்ளுவண்டி வந்தா தான் காய்.

கைல இருக்கறது 38 ஆயிரம், ரேஷன்ல குடுத்த 2 ஆயிரமும் இதுல சேர்த்தி தான். பாக்கிய சொல்றேன். வீட்டுக்காரம்மா நகை 4 பவுன் போன ஆகஸ்ட்ல பேங்க்ல வெச்சு 1,35,000 வாங்கினது, 9 சதவீத வட்டி, வர்ற ஆகஸ்ட்ல வருஷம் முடியுது. பைக் டியூ மாசம் 3,150, இன்னும் 14 மாசம். அவங்க பேர்ல குழுக்கடன், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 1,150, மீதி 21 ஆயிரம் இருக்கு. ஜனவரில அப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்தப்ப ஒருத்தர்கிட்ட அஞ்சு வட்டிக்கு 30 ஆயிரம் வாங்கினேன், மாசம் 1,500 வட்டி மட்டும் போகுது, அசல் அப்படியே நிக்குது. அப்பறம் 1 லட்ச ரூபா ஏலச்சீட்டு, 20 மாசம், 11 தவணை கட்டிட்டேன், இன்னும் எடுக்கல. வாடகை 4,500.

எல்லாத்தையும் கட்டினா இந்த 38 ரெண்டு மாசம் தாங்காது. எதைக் கட்டறது, எதை நிறுத்தறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

குகை_அக்கா
27 மே 2021, இரவு 11.15

தம்பி, கடன் கணக்கு நாளைக்கு பாக்கலாம். வீட்ல அரிசி எத்தன நாளைக்கு இருக்கு? அப்பாவுக்கு மாத்திரை இருக்கா? ஆஸ்பத்திரில இருந்து வந்தவர்னு சொல்றீங்க, சுகர் பிரஷர் மாத்திரை ஒரு மாசத்துக்கு முன்கூட்டியே வாங்கி வெச்சுட்டு மிச்ச காச எண்ணுங்க. நான் போன லாக்டவுன்ல டியூக்காரன் போன் போட்டு கத்தறான்னு பயந்து அவனுக்கு கட்டிட்டு மாமியாருக்கு பிரஷர் மாத்திரைய பாதியா உடைச்சு குடுத்தேன், அதுக்கப்புறம் அவங்க கீழ விழுந்து நாங்க செலவு பண்ணினது அந்த டியூ மாதிரி பத்து மடங்கு, இன்னைக்கும் அத நெனச்சா எனக்கு தூக்கம் வராது.

இன்னொண்ணு. இந்த அஞ்சு வட்டி விசயம் வீட்டுக்காரம்மாவுக்கு தெரியுமா?

---

வெள்ளிக்கம்பி_சிவதாபுரம்
27 மே 2021, இரவு 11.31

தெரியாதுக்கா. ஆஸ்பத்திரி பில்லு பட்டறை ஓனர் அட்வான்ஸ் குடுத்தாருன்னு தான் சொல்லி வெச்சிருக்கேன். மாத்திரை ஒரு வாரத்துக்கு இருக்கு.

---

பழைய_கேஷியர்
28 மே 2021, காலை 6.40

பேங்க்ல 31 வருஷம் கவுன்ட்டர்ல உக்காந்தவன், இப்ப அஸ்தம்பட்டில ரிட்டயர்டா இருக்கேன். உங்க கணக்க ராத்திரி ஒரு பேப்பர்ல எழுதி பாத்தேன் தம்பி.

அஞ்சு வட்டின்னா நூத்துக்கு மாசம் அஞ்சு, வருஷத்துக்கு 60. நகைக்கடன் 9. உங்க வீட்ல ரத்தம் போற இடம் அந்த 30 ஆயிரம் தான். ஜனவரில இருந்து 7,500 கட்டிருப்பீங்க, ஒரு ரூபா கூட அசல்ல கழிஞ்சிருக்காது. ஆனா அதுக்காக கைல இருக்கற 38ல இருந்து 30ஐ எடுத்து மொத்தமா கட்டிடாதீங்க, லாக்டவுன் எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது, சேலத்துல கேஸ் குறையற மாதிரியும் தெரியல, கைல காசு இல்லாம போனா அடுத்த மாசம் அதே ஆள்கிட்ட அதே வட்டிக்கு தான் போய் நிப்பீங்க. மூணு மாச சாப்பாடு, மாத்திரை, வாடகைல பாதி, இத தனியா எடுத்து வெச்சுட்டு மத்தத பேசுங்க.

இப்ப நகை. இது தான் எனக்கு கவலையா இருக்கு, நீங்க அத பெருசா சொல்லவே இல்ல. போன ஆகஸ்ட்ல பவுன் 43 ஆயிரம் தாண்டினப்ப வெச்சிருக்கீங்க. அப்ப ரிசர்வ் பேங்க் நகை மதிப்புல 90 சதவீதம் வரைக்கும் குடுக்கலாம்னு பேங்குகளுக்கு சொல்லியிருந்துச்சு, அது இந்த மார்ச் 31ஓட முடிஞ்சு மறுபடி 75க்கு வந்தாச்சு. பவுனும் இன்னைக்கு 37 ஆயிரம் வாக்குல தான், மார்ச்ல 33, 34 வரைக்கும் கூட இறங்குச்சு. உங்க 4 பவுன் இன்னைக்கு 1,48,000ன்னு வைங்க, அதுல 75 சதவீதம் 1,11,000. ஆகஸ்ட்ல நீங்க கட்ட வேண்டியது வட்டியோட 1,47,000க்கு மேல. வட்டி மட்டும் கட்டி திருப்பி வெச்சுக்கலாம்னு நெனச்சுட்டு போனீங்கன்னா கவுன்ட்டர்ல 36 ஆயிரம் கொண்டான்னு சொல்லுவாங்க. இந்த வருஷம் ஏப்ரல், மேல எங்க பழைய பிராஞ்சுல தினமும் இதே அழுகை தான்னு இப்ப இருக்கற பசங்க சொல்றாங்க.

அதனால ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. நகைக்கடன்ல நடுவுல எப்ப வேணும்னாலும் ரெண்டாயிரம் மூவாயிரம்னு கட்டலாம், பிராஞ்சுல கேட்டுக்கங்க, அந்த பணம் முதல்ல வட்டிக்கு போகும், அப்பறம் அசலுக்கு.

---

அம்மாபேட்டை_தறி
28 மே 2021, காலை 9.05

நான் நேரா சொல்லிடறேன் யாரும் கோவிச்சுக்காதீங்க. நகைய வித்துருங்க. நாங்க வெண்பட்டு தறிக்காரங்க, அப்பா காலத்துல இருந்து தறி நின்னா அடகு, தறி ஓடினா மீட்பு, மறுபடி அடகு. எங்கம்மா ரெட்டவட செயினுக்கு 19 வருஷத்துல கட்டின வட்டிய நான் ஒரு நாள் கூட்டி பாத்தேன், அதே மாதிரி ரெண்டு செயின் வாங்கிருக்கலாம், கடைசில அதுவும் ஏலத்துல மூழ்கிடுச்சு. விக்கறதுக்கு மனசு வராம அடகுல வெச்சு மூழ்க விடறது தான் நம்ம ஊர் வழக்கமா போச்சு.

---

குகை_அக்கா
28 மே 2021, காலை 9.40

தறிக்கார தம்பி, உங்க அம்மா செயின் பத்தி சொன்னது மனசுக்கு கஷ்டமா இருக்கு. ஆனா இப்ப கடை எங்க திறந்திருக்கு விக்கறதுக்கு? அதோட அது அவங்க நகை. அவங்க அம்மா வீட்ல போட்டது. விக்கறதா வேணாமான்னு அவங்க தான் சொல்லணும், நாம இங்க உக்காந்து முடிவு பண்ண கூடாது. எங்க தெருவுல ஒருத்தி புருஷன் போய்ட்டப்பறம் அஞ்சு பவுன வெச்சு தான் இட்லிக்கடை போட்டா, பேங்க்காரன் பொம்பளைக்கு வேற எதுக்கு கடன் குடுப்பான் சொல்லுங்க.

---

பழைய_கேஷியர்
28 மே 2021, காலை 10.10

ரெண்டு பேர் சொல்றதுலயும் விசயம் இருக்கு. ஆனா இந்த தம்பி கணக்குல இன்னைக்கு வித்தா சேதாரம், கழிவு எல்லாம் போக வர்றது கடனுக்கே சரியா போய்டும், கைல ஒண்ணும் மிஞ்சாது. அதனால விக்கற பேச்ச இப்ப எடுக்க வேணாம். ரொம்ப முடியலன்னா ஆகஸ்ட்ல ஒரு பவுன் மட்டும் குடுத்துட்டு மூணு பவுன காப்பாத்தலாம், அது கடைசி வழி.

---

ஏற்காடு_வேன்
28 மே 2021, மதியம் 2.20

நான் ஏற்காட்ல டூரிஸ்ட் வேன் ஓட்டறேன்ங்க. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் ஃபால்ஸ்னு சுத்தி காட்டி ஏப்ரல் மே ரெண்டு மாசம் சம்பாதிக்கறத வெச்சு தான் மழைக்காலத்த ஓட்டுவோம். போன வருஷமும் கோடை விழா இல்ல, இந்த வருஷமும் இல்ல. 20 கொண்டை ஊசி வளைவும் காலியா கெடக்குது, அந்த ரோட்ட பாக்க வயிறு எரியுது. நடுவுல டிசம்பர்ல நானும் காப்பி பழம் பறிக்க போனேன், எங்க வீட்டு பொம்பளைங்க சின்ன வயசுல இருந்து போறாங்க, நான் போனது இது தான் முத தடவை.

நான் எழுத வந்தது டியூ நிறுத்தறத பத்தி. போன வருஷம் மார்ச் 27ல 3 மாசம் இஎம்ஐ கட்ட வேணாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லுச்சுல்ல, அப்பறம் மே 22ல இன்னும் 3 மாசம், ஆகஸ்ட் 31 வரைக்கும். நான் கட்ட வேணாம்னா தள்ளுபடின்னே நெனச்சுட்டேன்ங்க, எங்க ஸ்டாண்டுல பாதி பேர் அப்படித்தான் நெனச்சோம், யாரும் உக்கார வெச்சு சொல்லல. 6 லட்சம் பாக்கி, 11 சதவீதம், 6 மாசம் வட்டி மட்டும் 33 ஆயிரத்துக்கு மேல ஏறி அசலோட சேர்ந்துருச்சு. நவம்பர்ல வட்டிக்கு வட்டி திருப்பி தர்றோம்னு கவர்மென்ட் சொல்லி அக்கவுன்ட்ல விழுந்தது எண்ணூறு ரூபா கிட்ட. ஏன்னா அது கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தானாம், வட்டியே இல்லன்னு ஆகாதாம். அப்பறம் தேடி பாத்தா எஸ்.பி.ஐ அப்பவே கணக்கு போட்டு காட்டியிருக்கு, 30 லட்சம் வீட்டுக்கடன், 15 வருஷம் பாக்கி இருக்கறவங்க தள்ளி போட்டா கூடுதல் வட்டி 2.34 லட்சம், 8 இஎம்ஐக்கு சமம்னு.

நான் தள்ளி போட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன், காசே இல்லாதப்ப வேற என்ன பண்றது. ஆனா அந்த 6 மாசத்துல ரெண்டு மாசம் கல்யாண ஆர்டர் ஓடி கைல காசு வந்துச்சு, அப்ப கட்டிருக்கலாம், "தள்ளுபடி தானே"ன்னு வீட்டுக்கு ஓடு மாத்தினேன். அது தான் இன்னும் உறுத்துது.

இப்ப இந்த வருஷம் மாராட்டோரியம் ஒண்ணும் இல்லையா? ஐயா கேஷியர் சொல்லுங்க.

---

பழைய_கேஷியர்
28 மே 2021, மாலை 5.30

போன வருஷம் மாதிரி எல்லாருக்கும் பொதுவா இல்லப்பா. ஆனா மே 5ல ரிசர்வ் பேங்க் இன்னொண்ணு சொல்லிருக்கு, அத பத்தி டிவில ரெண்டு வரி தான் வந்துச்சு, பாதி பேருக்கு தெரியாது. தனி ஆளுங்களும் சின்ன தொழில்காரங்களும் கடன மறுசீரமைப்பு பண்ண சொல்லி பேங்க்ல கேக்கலாம், செப்டம்பர் 30 வரைக்கும் டைம். போன வருஷம் மறுசீரமைப்பு வாங்காம இருக்கணும், மார்ச் 31 அன்னைக்கு கணக்கு ஸ்டாண்டர்டா இருந்திருக்கணும். அதாவது 90 நாளுக்கு மேல பாக்கி விழுந்து வாராக்கடன் ஆகாம இருந்திருக்கணும். தவணைய குறைச்சு வருஷத்த நீட்டலாம், ரெண்டு வருஷம் வரைக்கும் தவணை விடுப்பு கூட குடுக்க இடம் இருக்கு. ஆனா குடுக்கறதும் குடுக்காததும் பேங்க் முடிவு, வட்டியும் ஓடிட்டே தான் இருக்கும், சிபில்ல, அதாவது உங்க கடன் வரலாறுல, மறுசீரமைப்புன்னு பதிவும் ஆகும். வேன் தம்பிக்கு இது சரியா பொருந்தும். நம்ம வெள்ளிக்கம்பி தம்பி பைக் டியூவுக்கு இத பண்ண வேணாம், 14 மாசம் தான் இருக்கு, அது 3,150, அத கட்டிட்டே போறது நல்லது.

வாய்ல கேக்காதீங்க. தமிழ்லயே எழுதுங்க, ஒரு பக்கம் போதும். வருமானம் இவ்ளோ இருந்துச்சு, இந்த தேதில இருந்து இல்ல, மாசம் என்னால இவ்ளோ தான் முடியும், இத்தன மாசம் டைம் வேணும். ரெண்டு காப்பி, ஒண்ணுல பிராஞ்சு சீல் போட்டு தேதியோட வாங்கிக்கங்க. போன் எடுக்காம ஒளியற கஸ்டமர தான் முதல்ல ரெக்கவரி லிஸ்ட்ல போடுவாங்க, நானே போட்டிருக்கேன், அதனால சொல்றேன்.

---

இளம்பிள்ளை_சேலை
28 மே 2021, இரவு 8.45

எல்லாரும் நகையவே பேசறீங்க, சீட்ட யாரும் பாக்கல. அண்ணா அந்த சீட்டு பதிவு பண்ணினதா, இல்ல தெரிஞ்சவங்க நடத்தறதா?

கேக்கறதுக்கு காரணம் இருக்கு. எங்க ஊர்ல எல்லாம் பவர்லூம் சேலை தான், போன வருஷம் ஏப்ரல்ல தறி நின்னதும் எங்க சீட்டுல ஏற்கனவே எடுத்தவங்க தவணை கட்டறத நிறுத்திட்டாங்க, எடுக்காதவங்க மட்டும் கட்டிட்டு இருந்தோம், நடத்தினவங்க மூணு மாசம் கைல இருந்து போட்டு பாத்துட்டு ஒரு நாள் வீட்ட பூட்டிட்டு போய்ட்டாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, 12 வருஷம் ஒழுங்கா நடத்தினவங்க தான். நான் 70 ஆயிரம் விட்டேன். பதிவு பண்ணின சீட்டுன்னா 1982 சட்டப்படி நடத்தறவங்க முன்கூட்டியே டெபாசிட் கட்டியிருக்கணும், பதிவாளர்கிட்ட போய் நிக்கலாம். எங்களுது நோட்டுல எழுதின சீட்டு, போலீஸ் ஸ்டேஷன்ல அந்த நோட்ட புரட்டி பாத்துட்டு திருப்பி குடுத்துட்டாங்க.

என்ன கேட்டா அடுத்த ஏலத்துலயே எடுத்துருங்க. தள்ளு, அதாவது ஏலத்துல விட்டு குடுக்கற தொகை, ஜாஸ்தி போனாலும் எடுங்க.

---

வெள்ளிக்கம்பி_சிவதாபுரம்
28 மே 2021, இரவு 9.30

பதிவு இல்லைங்க, பக்கத்து தெரு அக்கா நடத்தறது. கடைசி சீட்டு எடுத்தா முழுசா 95 வரும், பொண்ணு அடுத்த வருஷம் பத்தாவது முடிக்கிறா, அதுக்குன்னு வெச்சிருந்தேன்.

---

பழைய_கேஷியர்
29 மே 2021, காலை 6.15

இளம்பிள்ளை தம்பி சொன்னத நான் யோசிக்கவே இல்ல, சரியான பேச்சு. கணக்கு பாருங்க. 18 ஆயிரம் தள்ளி எடுத்தா 82 வரும், கடைசி வரைக்கும் காத்திருந்தா 95. வித்தியாசம் 13 ஆயிரம். அந்த 8 மாசத்துல 30 ஆயிரத்துக்கு அஞ்சு வட்டி மட்டும் 12 ஆயிரம் கட்டிருப்பீங்க. கிட்டத்தட்ட சரிக்கு சரி, அதுக்கு மேல ஆகஸ்ட்ல நகைக்கும் கை குடுக்கும், சீட்டு உடையற பயமும் போகும்.

ஆனா எடுத்தப்பறம் சீட்டும் கடன் தான், அத மறக்காதீங்க. மீதி 8 தவணை மாசாமாசம் போகணும். வர்ற பணத்துல நாலு மாச சீட்டுக்காசு தனியா ஒரு கவர்ல போட்டுட்டு மிச்சத்த தொடுங்க. நீங்க நிறுத்தினா எடுக்காம காத்திருக்கற இன்னொரு வீடு தான் அடி வாங்கும்.

---

ஓமலூர்_மில்
29 மே 2021, மதியம் 1.10

கடன் பேச்சுக்கு நடுவுல இது, அவசரம்ங்கறதால போடறேன், மே 31க்கு இன்னும் ரெண்டு நாள் தான். எல்லாரும் சேவிங்ஸ் அக்கவுன்ட்ல 342 ரூபா இருக்கான்னு பாருங்க. 330 ரூபா பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் இன்சூரன்ஸ், 12 ரூபா விபத்துக்கான சுரக்‌ஷா. வருஷா வருஷம் மே கடைசில தானா எடுத்துப்பாங்க, பேலன்ஸ் இல்லன்னா பாலிசி நின்னுரும். ஜீவன் ஜோதில 2 லட்சம், எந்த காரணத்துல உயிர் போனாலும், கொரோனாவும் சேர்த்தி தான். 18ல இருந்து 50 வயசுக்குள்ள இருக்கறவங்க சேரலாம். பாஸ்புக்ல போன மே கடைசில 330 கழிஞ்சிருக்கான்னு பாத்தா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுரும்.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, எங்க மில்லுல வேலை பாத்த அண்ணன் ஒருத்தர் ரெண்டு வாரம் முன்னாடி கொரோனால போய்ட்டாரு. 41 வயசு. அந்த அண்ணிக்கு இந்த 330 பத்தியும் தெரியாது, பிஎஃப் இருக்கறவங்க வேலைல இருக்கும்போதே இறந்தா அந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் தனியா வரும்னும் தெரியாது. அது 6 லட்சம் வரைக்கும் இருந்துச்சு, ஏப்ரல் கடைசில 7 லட்சம் ஆக்கிருக்காங்க. வாரிசு பேர் ஏத்தலைன்னா அலைய விடுவாங்க. அண்ணன் பிஎஃப்ல அவரோட அம்மா பேர் தான் இருக்கு, அவங்க இறந்து நாலு வருஷம் ஆச்சு. நாங்க நாலு பேர் சேர்ந்து இப்ப பேப்பர் ரெடி பண்ணிட்டு இருக்கோம். தயவு பண்ணி இன்னைக்கே வீட்ல உக்காந்து எந்த அக்கவுன்ட், எந்த பாலிசி, யார் பேர்னு ஒரு நோட்டுல எழுதி அரிசி டப்பாவுக்கு பின்னாடியாச்சும் வைங்க.

ஆஸ்பத்திரி விசயம் வந்ததால ஒண்ணு. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா லிஸ்ட்ல இருக்கற பிரைவேட்லயும் கொரோனாவுக்கு பாக்கலாம்னு இந்த மாசம் ஆர்டர் போட்டாச்சு. இரும்பாலைலயும் 20ம் தேதி 500 ஆக்சிஜன் பெட் திறந்திருக்காங்க. பயத்துல அஞ்சு வட்டிக்கு ஓடறதுக்கு முன்னாடி இது ரெண்டையும் கேளுங்க.

---

அரியானூர்_20
29 மே 2021, மாலை 4.00

அண்ணா நான் காலேஜ் முடிச்சுட்டு டெலிவரி வேலை பாத்துட்டு இருந்தேன், இப்ப இல்ல. போன்ல ஒரு ஆப் 5,000 ரூபா அஞ்சு நிமிசத்துல குடுக்கறான், ஆதார் போட்டோ மட்டும் போதும்னு வருது. எடுக்கலாமா? அம்மாவுக்கு தெரியாம திருப்பி கட்டிடுவேன்.

---

இளம்பிள்ளை_சேலை
29 மே 2021, மாலை 4.12

தம்பி வேணாம். வேணவே வேணாம். என் தங்கச்சி பையன் எடுத்தான். 5,000ன்னு சொல்லி கைக்கு வந்தது 3,500, ஏழாவது நாள் 5,000 கட்டணும், அத கட்ட இன்னொரு ஆப், அதுக்கு இன்னொண்ணு, ஒன்றரை மாசத்துல 40 ஆயிரம். ஆப் போடும்போதே போன்ல இருக்கற நம்பர் எல்லாத்தையும் எடுத்துக்கறான், அப்பறம் அவன் டீச்சர், அத்தை, பழைய முதலாளி எல்லாருக்கும் அசிங்கமா மெசேஜ். பையன் ரெண்டு நாள் வீட்டுக்கு வரல. நாங்க மூக்கனேரி பக்கமெல்லாம் தேடினோம்.

5,000 எதுக்கு வேணும்னு இங்க சொல்லு. அம்மாகிட்டயும் சொல்லு.

---

குகை_அக்கா
29 மே 2021, மாலை 4.30

கண்ணு, அம்மாவுக்கு தெரியாம வாங்கற எந்த காசும் கடைசில அம்மா கழுத்துக்கு தான் வரும். எனக்கு தனியா மெசேஜ் போடு. நான் தர்ற அளவுக்கு இல்ல, ஆனா நம்ம குழுல மளிகை சாமான் ஏற்பாடு பண்றோம், ரெண்டு மூட்டை அரிசி இருக்கு.

---

வெள்ளிக்கம்பி_சிவதாபுரம்
30 மே 2021, இரவு 10.05

நேத்து ராத்திரி வீட்ல சொல்லிட்டேன்ங்க. சொல்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வாசல்லயே உக்காந்திருந்தேன். கத்துவாங்கன்னு நெனச்சேன், கத்தல, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு அவங்களும் ஒண்ணு சொன்னாங்க. குழுக்கடன்ல கூட இருக்கற ஒரு பொண்ணு மார்ச்ல இருந்து கட்டல, வீட்டுக்காரருக்கு வேலை இல்ல, ஒருத்தர் கட்டலைன்னா மத்தவங்க பிரிச்சு போடணும்ல, இவங்க அந்த பொண்ணுக்கும் சேர்த்து பாதி போட்டுட்டு வந்திருக்காங்க, தவணைக்கு 575. எனக்கு தெரிஞ்சா திட்டுவேன்னு சொல்லல. ரெண்டு பேரும் ஒரே வீட்ல உக்காந்துட்டு ஆளுக்கு ஒரு கடன மறைச்சுட்டு இருந்திருக்கோம்.

பொண்ணோட பழைய கணக்கு நோட்டுல எல்லாத்தையும் எழுதினோம். ஜூன் 5 ஏலத்துல சீட்டு எடுக்கறதுன்னு முடிவு. அத சொன்னதே அவங்க தான், நான் பத்தாவது பத்தாவதுன்னு இழுத்தேன், "பத்தாவது முடிச்சா கவர்மென்ட் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் சேர்த்துக்கலாம், சீட்டு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க"ன்னாங்க. 342 ரூபா ரெண்டு பேர் அக்கவுன்ட்லயும் போட்டாச்சு, ஓமலூர் அண்ணாவுக்கு நன்றி.

---

ஓமலூர்_மில்
1 ஜூன் 2021, காலை 11.20

பிஎஃப்ல கொரோனாவுக்கு ரெண்டாவது தடவையும் எடுக்கலாம்னு நேத்து அறிவிச்சிருக்காங்க. போன வருஷம் மாதிரியே தான், 3 மாச பேசிக்கும் டிஏவும், இல்ல கணக்குல இருக்கறதுல 75 சதவீதம், எது கம்மியோ அது. திருப்பி கட்ட வேணாம். நான் போன தடவை எடுத்து டிவி டியூ அடைச்சேன், அது தேவையில்லாத வேலை, அந்த காசு 8.5 சதவீதத்துல வளர்ந்திருக்கும். இந்த தடவை ஆஸ்பத்திரிக்கு, அரிசிக்கு, இல்ல கந்துவட்டிய அடைக்கறதுக்கு மட்டும்னு வெச்சிருக்கேன்.

---

ஏற்காடு_வேன்
9 ஜூன் 2021, மாலை 6.40

7ம் தேதில இருந்து மத்த ஊருக்கெல்லாம் தளர்வு, கேஸ் ஜாஸ்தியா இருக்கற 11 மாவட்டத்துல நம்ம சேலமும் ஒண்ணு, மலைக்கு வண்டி வர இன்னும் நாளாகும். ஐயா சொன்ன மாதிரி லெட்டர் எழுதினேன், பொண்ணு எழுதி குடுத்தா, நாகலூர்ல ஒரு கடைல ஜெராக்ஸ். பிராஞ்சுல முதல்ல சீல் போட மாட்டேன்னாங்க, நான் நகரல, கடைசில மேனேஜரே வந்து வாங்கி தேதி போட்டு குடுத்தாரு. மாசம் 14,200க்கு பதிலா ஒரு வருஷத்துக்கு 6 ஆயிரம் கட்டறேன்னு கேட்டிருக்கேன். பதில் வரல. ஆனா தினமும் வந்த ரெக்கவரி போன் நின்னுருச்சு.

---

வெள்ளிக்கம்பி_சிவதாபுரம்
17 ஜூன் 2021, இரவு 9.15

சொல்ல வேண்டியது கடமை, இத்தன பேர் யோசிச்சு எழுதிருக்கீங்க. ஏலம் வாட்ஸப்ல நடந்துச்சு. எல்லாருக்கும் பணம் தேவை, போட்டி ஜாஸ்தி, 21 ஆயிரம் தள்ளி எடுத்தேன். 79 ஆயிரம் முந்தாநேத்து கைக்கு வந்துச்சு. கமிஷன் 5 போக 16ஐ இருபது பேருக்கு பிரிச்சாங்க, அதனால என் தவணையும் இந்த மாசம் 4,200 தான்.

முதல் வேலையா அஞ்சு வட்டிக்காரர்கிட்ட போனேன், நானும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்தே போனோம். 30 ஆயிரத்த வெச்சுட்டு ஜூன் வட்டிய விட்டு குடுங்கன்னு அவங்க கேட்டாங்க, அவரு யோசிச்சுட்டு சரின்னாரு, கையெழுத்து போட்ட பத்திரத்த அங்கயே வாங்கி கிழிச்சோம். பேங்க்ல 25 ஆயிரம் கட்டினேன், கேஷியர் ஐயா சொன்ன மாதிரியே பத்து வட்டிக்கு போய்ருச்சு, அசல்ல 15 தான் கழிஞ்சுது, இப்ப 1,20,000 நிக்குது. ஆகஸ்ட்ல இன்னும் ஒரு 11 ஆயிரம் இருந்தா திருப்பி வெச்சுக்கலாம். நாலு மாச சீட்டுக்காசு 16,800 கவர்ல போட்டு பீரோல இருக்கு, கவர் மேல அவங்க கையெழுத்து. ரேஷன்ல ரெண்டாவது 2 ஆயிரமும் 14 சாமான் பையும் நேத்து வாங்கினோம்.

அந்த குழு பொண்ணு வீட்டுக்கு என்ன பண்றதுன்னு தான் தெரியல. இவங்க இன்னும் ரெண்டு தவணை பாதி போடலாம்ங்கறாங்க. நானும் சரின்னுட்டேன்.

---

குகை_அக்கா
17 ஜூன் 2021, இரவு 9.32

அந்த பொண்ணு எந்த ஏரியான்னு சொல்லுங்க, நாங்க இங்க மாஸ்க் தைக்க ஆள் தேடிட்டு இருக்கோம், மிஷின் ஓட்ட தெரிஞ்சா போதும். அப்பாவுக்கு மாத்திரை வாங்கினீங்களா?

---

வெள்ளிக்கம்பி_சிவதாபுரம்
17 ஜூன் 2021, இரவு 9.40

வாங்கிட்டேன்க்கா. 30 நாளைக்கு. அந்த பொண்ணுக்கு தையல் தெரியுமாம், நம்பர் தனியா அனுப்பறேன்.